பெயர் போடாத விளம்பரம்

சிவப்பு மைப் பேனா கையில் இருந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. இதைச் சொன்னது என் மனைவி. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பிழை திருத்திவிட்டுத்தான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பேனாம். மவுண்ட் ரோட்டில் ஒரு வாரப் பத்திரிகையில் பதினெட்டு வருஷம் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவனுக்கு அந்த வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அந்தப் பேனாவை நம்பித்தான் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் டிசம்பரில் திரிபுரசுந்தரி மேடம் என்னைக் கூப்பிட்டிருந்தார். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பெண்களுக்காக மாலை நேர இதழியல் டிப்ளமோ நடத்திக்கொண்டிருந்தார் அவர். மாணவிகள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றி ஒரு பத்திரிகை தயாரிக்க வேண்டும். இருபத்து நான்கு பக்கம், அதில் மூன்று விளம்பரம். நூறு பிரதி போட்டு டீக்கடை, சலூன், ரயில் நிலையம் என்று மக்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மதிப்பெண்ணில் பாரபட்சம் வரக்கூடாது என்று தயாரித்தவர் பெயர் எங்கும் போடக்கூடாது, வரிசை எண் மட்டும். முகவரிக்குக் கல்லூரித் துறையின் முகவரி. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் நான். என் வீடு சேலையூரில், நடந்தே போய்விடலாம்.

ஒரு மூட்டைப் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று நாள் திருத்தினேன். சினிமாப் பத்திரிகையைப் பார்த்துக் காப்பியடித்தவை பாதி, கோயில் தலபுராணத்தை அப்படியே இறக்கி வைத்தவை மீதி. பதினேழாம் எண்ணுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்டென்சில் வெட்டி உருட்டிய தாள்களை ஊசிநூலால் தைத்திருந்தது. பெயர் 'மதகு'. பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களைப் பற்றியது. முதல் ரயிலில் கீரைக்கட்டு ஏற்றும் பெண்களோடு ஒரு பேட்டி இருந்தது. மனை போட்டதில் தூர்ந்துபோன கிணறுகளுக்கு ஒரு பட்டியல் இருந்தது, யார் கிணறு, எத்தனை படி, இப்போது அதன்மேல் யார் வீடு என்று. எங்கள் பத்திரிகையில் சம்பளம் வாங்குகிற ஆள் யாரும் இதைச் செய்ததில்லை.

விளம்பரங்களும் அப்படித்தான். முதலாவது ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு. 'பிரேக் சுமார். மெதுவாகப் போகிறவர்கள் மட்டும் வரவும்' என்று போட்டிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவது ஒரு தையல்கடை. மூன்றாவது முழுப்பக்கம், நடுவில் நாலே நாலு வரி.

'வூட்டுக்கு வா. செவலை கன்னு போட்டுடுச்சி, கடேரி. சீம்பால் காய்ச்சல, கன்னுக்கே வுட்டுட்டேன். ஏரி ரொம்பிடுச்சி. தெக்கால வேலி சாஞ்சிகினு கீது, நீ வந்துதான் கட்டணும். அன்னிக்கி சொன்னது என் வாய்க்கொழுப்பு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.'

அவ்வளவுதான். யார் வர வேண்டும், எந்த வீட்டுக்கு வர வேண்டும், கூப்பிடுவது யார், ஒன்றும் இல்லை. மேடம் கொடுத்த தாளில் விளம்பரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது: 'பெயர், முகவரி, பொருள் தெளிவு. உரியவரைச் சென்றடைந்ததா? பத்து மதிப்பெண்.' நான் இரண்டு போட்டேன். பக்கத்திலேயே சிவப்பில் எழுதினேன்: 'யாரைத் தேடுகிறார்கள் என்றே சொல்லாத காணவில்லை விளம்பரம். கற்பனைக்கும் ஒரு கணக்கு வேண்டும்.' எழுதி முடித்ததும் எனக்கு என் வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையில்லை, ஆனாலும் சறுக்கிய சறுக்கல் பெரிசு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேர்முகத் தேர்வு. பதினேழாம் எண் உள்ளே வந்தாள். இருபது வயது இருக்கும். மழையில் நனைந்த தாவணியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் பாலாம்பாள் என்றாள்.

"உக்காரும்மா. பத்திரிகை நன்னா வந்திருக்கு. இந்த மூணாவது விளம்பரம்தான் புரியலை. பேரே இல்லையே?"

"ஆமா சார்."

"காணாமப் போனவன் யாருன்னு தெரியாம படிக்கிறவன் எப்படித் தேடுவான்?"

"படிக்கிறவங்க தேட வேணாம் சார். அவரு படிச்சா போதும்."

"எவர்?"

அவள் மேஜையில் கிடந்த என் சிவப்பு எழுத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எங்க அப்பா சார். ஆடி மாசம் போனவரு. அஞ்சு மாசம் ஆவுது."

பக்கத்தில் இருந்த திரிபுரசுந்தரி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பிழை திருத்துகிறவனுக்கே உரிய புத்தி, அப்போதும் விடாமல் கேட்டேன்.

"அப்படின்னா பேரைப் போட்டிருக்கலாமேம்மா?"

"அம்மா சொல்ல, நான் எழுதுனேன் சார். அம்மா அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க. விளம்பரம் குடுக்கிறவங்க சொல்ற வார்த்தையைக் கேக்காம மாத்தக்கூடாதுன்னு மேடம்தான் கிளாஸ்ல சொன்னாங்க." என் சிவப்பு எழுத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். "அதோட, பேரைப் போட்டா அப்பா வர மாட்டாரு. ஊரு பூரா படிக்கும். ஓடிப்போனவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எந்த முகத்தோட வருவாரு?"

எனக்குக் காது சுட்டது. என் வீட்டிலும் இதே கதைதான். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் மனைவி கார்டை நீட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள். இருபத்தேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தும், அச்சில் பார்த்தபோது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெண் வெளியே போனதும் மேடம் சொன்னார்: "பாவம்தான் சார். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே. பேர், அட்ரஸ் இல்லாத விளம்பரத்துக்கு என்ன மார்க் போடறது? சென்றடைஞ்சதுக்கு ஆதாரமும் இல்லை. திங்கட்கிழமை ஷீட் போயாகணும்."

அந்தக் கட்டத்தில் போட்டிருந்த இரண்டை மட்டும் அடித்துவிட்டுக் கட்டத்தை வெறுமையாக விட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து இரும்புலியூர் தாண்டிப் பீர்க்கன்கரணையில் இறங்கினேன். கார்த்திகை மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. புது நகர்களின் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர். மனைக்கு நட்ட கற்கள் தண்ணீருக்குமேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பாலாம்பாள் வீடு என்று கேட்டதும், பால்காரம்மா வீடா என்று ஒரு சின்னப் பெண் கையைக் காட்டினாள்.

ஓட்டு வீடு, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. பாலாம்பாளின் அம்மா தையல்நாயகி அப்போதுதான் ஏரிக்கரையிலிருந்து புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு, புடைவை நுனியைப் பிழிந்துகொண்டே வாசலுக்கு வந்த மகளைக் கேட்டாள்.

"யாரு இது?"

"மார்க் போட வந்த சாரும்மா."

"ஐய, வாசல்லியே நிக்க வச்சிகினு கீறே? உள்ள வா சார். வழுக்கும், பாத்து வா."

கொட்டகையில் கால் சேறாகாத இடமாகப் பார்த்து எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். இரண்டு மாடு. செவலையின் மடியில் கன்று முட்டிக்கொண்டிருந்தது. தையல்நாயகி உட்காரவேயில்லை. அரிவாள்மணையில் வைக்கோலை நறுக்கினாள், தவிட்டைக் கலந்தாள், சாணியை வழித்தாள். மழை நாளில் வறட்டி காயாததால் சாணி மூலையில் மலையாகக் கிடந்தது. அத்தனைக்கும் நடுவில்தான் பேசினாள்.

"அந்தத் தாளு தப்பாப் பூட்ச்சாமே? பொண்ணு சொல்லிச்சி. மார்க்கு கொறைஞ்சி பூடுமா சார்?"

"தப்பு என்னோடதும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"உன்னுது இன்னா தப்பு? எல்லாம் என் வாயி." வைக்கோலைக் கூடையில் தள்ளினாள். "தோ தெரியுது பாரு, மஞ்சா பில்டிங்கு. அதுல இருந்து ஏரி வரைக்கும் எங்க கயனிதான். ஊரே வித்தப்போ நாங்களும் வித்தோம். அப்பால, அதே எடத்துல நகரு வந்துச்சி. அதே எடத்துல வாச்மேன் வேல. காக்கி உடுப்பு மாட்டிகினு, அவுரு ஏரு ஓட்டுன எடத்துல கேட்டுல நின்னாரு. ஒரு நாளு ஒரு வார்த்த சொல்லல சார். எனக்குத்தான் வயிறு எரியும்."

"அப்புறம்?"

"ஆடி மாசம் அம்மனுக்குக் கூழு ஊத்துனோம். மொத சட்டி கூழு எங்க வூட்டு ஆம்பளதான் மொண்டு ஊத்தணும், காலங்காலமா அப்டி. இவுரு டூட்டி முடிச்சி அந்த உடுப்போடவே வந்து அகப்பையப் புடிச்சாரு. ஜனம் முண்டியடிச்சிது. 'லைன்ல வா, லைன்ல வா'ன்னு கத்துனாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். 'இது இன்னா உன் கேட்டா? வாச்மேன் வேலைய அங்க பாருய்யா'ன்னுட்டேன். ஜனம் மொத்தமும் சிரிச்சிது. நானும் சிரிச்சேன் சார்." கையிலிருந்த வைக்கோலைக் கீழே வைத்தாள். "சிரிக்கத்தான் சொன்னேன். சத்தியமா அதுக்குத்தான். அகப்பைய மெதுவா வச்சிட்டு வூட்டுக்குப் போனாரு. நான் போய்ப் பாத்தப்போ உடுப்பு கொடியில தொங்குது. ஆளு இல்ல."

யாரோ கூடுவாஞ்சேரி சந்தையில் பார்த்ததாகச் சொன்னார்களாம். ஓடிப்போய்த் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. அதனால்தான் பாலாம்பாள் அறுபது பிரதியைப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு ஊர் சலூனிலும் டீக்கடையிலும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "சலூனுக்கு எப்படியும் போவாரு சார்" என்றாள் அந்தப் பெண்.

இதற்குள் கேழ்வரகு அடை வந்தது. முருங்கைக்கீரை போட்டு, சூட்டோடு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, இரண்டு தின்றேன். தின்றுகொண்டேதான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"எங்க பத்திரிகை லட்சம் பேர் கைக்குப் போறது. அடுத்த வியாழக்கிழமை இதழ்ல நான் போடச் சொல்றேன். போட்டோ வேண்டாம், ஊர் வேண்டாம். ஆனா பேர் இல்லாம எங்க ஆபீஸ்ல எடுக்க மாட்டா. பேர் மட்டும் வேணும்."

"அப்பா பேரு..." என்று ஆரம்பித்தாள் பாலாம்பாள்.

"நீ சும்மா இருடி," என்றாள் தையல்நாயகி.

தவிட்டுத் தண்ணீரை மாட்டின் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்று பயமாக இருந்தது. ஊர் சிரிக்கும் என்று அவ்வளவு யோசித்துச் செய்தவர்களிடம் போய் லட்சம் பேர் என்று பெருமையடிக்கிறேன்.

"வேண்டாம்னா விட்டுடலாம்மா. பொண்ணே சொன்னாலும் எழுதிக்கறேன்."

"அது சொல்லக்கூடாது சார். அந்த வார்த்த சொன்னது என் வாயி. கூப்புட வேண்டியதும் என் வாயிதான்."

தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள். புடைவையை உதறிச் சரியாகக் கட்டிக்கொண்டாள். எங்களைப் பார்க்காமல் ஏரிப்பக்கம் திரும்பி நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை, தூரத்து வரப்பில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"சம்பந்தம்!"

சொன்ன மாத்திரத்தில் இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது.

"பேரச் சொன்னா அவுங்க ஆயுசு கொறையும்னு எங்க அம்மா சொல்லும் சார். கொறைஞ்சா என் ஆயுசுல எடுத்துக்கட்டும். எழுதிக்கோ."

எழுதினேன். பாலாம்பாள் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தன் அம்மாவின் வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவையாம். நான் அடையைப் புகழ்ந்து ஏதோ உளறினேன்.

திங்கட்கிழமை மதியம், ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதிப்பெண் தாளோடு கல்லூரிக்குப் போனேன். மேடம் தாளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பதினேழுக்கு இன்னும் காலியா விட்டிருக்கீங்களே சார்?"

"வியாழக்கிழமை வரைக்கும் டயம் கொடுங்கோளேன்."

"யூனிவர்சிட்டி கொடுக்காதே. எனக்கு மட்டும் மனசு இல்லையா? நாளைக்கு இன்னொருத்தி வெத்துத் தாளைக் கொண்டுவந்து, இதுவும் விளம்பரம்னு சொன்னா என்ன பண்றது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பேரும் குரலை உயர்த்தாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

ஒல்லியான மனிதர், ஐம்பதை நெருங்கும் வயது. வேட்டியில் காய்ந்த மண். முகத்தில் புதிதாகச் சவரம் செய்த பளபளப்பு. தோளில் துண்டு. உள்ளே வரலாமா என்று கேட்காமல் நிலைப்படியிலேயே நின்றார். இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். 'மதகு' பத்திரிகையின் விளம்பரத் தாள், அடியில் கல்லூரித் துறையின் முகவரி; சவர சோப்பின் நுரை பட்ட கறை இருந்தது அதில்.

"இந்த அட்ரஸ் இதானுங்களா?"

"இதுதான். உள்ள வாங்கோ."

"பரவால்ல சார். கூடுவாஞ்சேரில ஒரு கத்திரித் தோட்டத்துல வேல பாக்குறேன். சவரம் பண்ணிக்கப் போன எடத்துல இது கெடந்துச்சி. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என் பொண்ணு இங்கதான் சாயங்காலத்துல படிக்குது. அது இல்லாத நேரமாப் பாத்து வந்தேன்."

மேடம் எழுந்துவிட்டார். நான் பேசப் போனேன், வந்தவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சை முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு.

"பேரு போடல சார் இதுல. செவலை மாடு அந்தப் பக்கம் வூட்டுக்கு ஒண்ணு கீது. மழைக்கி எல்லா வேலியும்தான் சாயும். வாய்ச்சண்டை இல்லாத வூடு எது? எனக்குன்னு நெனச்சிகினு போயி வாசல்ல நின்னு, 'உன்ன யாரு கூப்புட்டா'ன்னு கேட்டுட்டா இன்னா பண்றது? அத்தக் கேட்டுகினு போலாம்னு வந்தேன். இது எனக்குத்தானா சார்?"

"உங்க பேரு?"

"சம்பந்தம்."

"உங்களுக்குத்தான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்புடி சார் சொல்ற? என் பேரு எங்கியும் இல்லியே."

"அச்சுல இல்லை. சனிக்கிழமை உங்க வீட்டுக்குப் போயிருந்தேன். உங்க சம்சாரம் உங்க பேரைச் சொன்னாங்க."

"யாரு, பொண்ணா?"

"பொண்ணு இல்லை. அந்தம்மா. தன் வாயால."

"அவளா?" அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "சும்மா சொல்லாத சார். ஆஸ்பத்திரில பிரசவத்துக்குச் சேக்கறப்பகூட நர்சம்மா புருசன் பேரக் கேட்டு, வலியில துடிச்சிகினு சாமி படத்தக் கைய காட்டுனாளே ஒழிய, பேரச் சொல்லல அவ."

"ஏரிப்பக்கம் திரும்பி நின்னுண்டு சொன்னாங்க. சத்தமா. ஆயுசு குறைஞ்சா என் ஆயுசுல எடுத்துக்கட்டும்னாங்க."

"சத்தமாவா?"

"சத்தமா."

கேட்டுவிட்டு அங்கேயே, நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரிபுரசுந்தரி மேடம் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தார். திரும்பி வந்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல், காலியாக இருந்த கட்டத்தில் பத்து என்று எழுதினார்.

சம்பந்தம் தண்ணீரைக் குடித்து முடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை ஆகப் போகிறது.

"நான் வரேன் சார்," என்று எழுந்தார். "மூணு மணிக்குப் பால் கறக்க ஒக்காந்துருவா. அதுக்கு முன்ன போயிடணும். தனியாளா எம்மாம் நாளுதான் கறப்பா."

வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மைதானத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே இறங்கி நடந்தார்.